சத்தம் நிற்கும்வரை

ஆற்றில் வெள்ளம் வந்தால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளாது. மற்ற ஊர்களில் ஜனங்கள் மேட்டைப் பார்த்து ஓடுவார்கள் என்கிறார்கள். ஓடட்டும். கீழமருதக்குறிச்சியில் நாங்கள் படித்துறைக்குப் போவோம். தாமிரபரணிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கல் மண்டபத்தின் முன்தூணில் ஒரு யாளி உண்டு. "யாளி காலு நனஞ்சிட்டா?" என்று ஒருவர் கேட்பார். "மூக்கு முங்கிட்டா?" என்று அடுத்தவர் கேட்பார். மூக்கு முங்கினால் அது பெரிய வெள்ளம். பெண்கள் நல்ல சேலையாக எடுத்து உடுத்திக்கொண்டு வருவார்கள். முத்துமாலை தன் டீக்கடை அடுப்பைப் படித்துறைக்கே தூக்கி வந்து பஜ்ஜி போடுவான்.

நான் நடராஜ். படித்துறைக்குப் போகிற வழியில் மெடிக்கல் ஸ்டோர் வைத்திருக்கிறேன். காய்ச்சல்காரன் வாசலில் நின்றாலும் கடையைப் பூட்டிவிட்டு வெள்ளம் பார்க்க முதல் ஆளாகப் போகிறவன் நான்தான். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று அப்போது கேட்டிருப்பேன்.

படித்துறைக்கும் ஊருக்கும் நடுவே ஒரு வாய்க்கால் பள்ளம் கிடக்கிறது. ஆறு முன்னால் ஏறும்போதே தண்ணீர் இந்தப் பள்ளத்தில் பின்னால் வந்து நிறையும். பள்ளம் நிறைந்துவிட்டால் படித்துறையில் நிற்கிறவன் நின்றபடிதான். அதே பள்ளத்தின் கீழ்க்கோடியில் கீழத்தெரு. இரண்டாயிரத்து இருபத்து மூன்று மார்கழியில் யாளி மட்டுமல்ல, மண்டபமே காணாமல் போனது. அன்றைக்கு வாசலைத் தாண்ட விடாத மழை. அதனால்தான் படித்துறையில் யாரும் சாகவில்லை, எங்கள் புத்தியால் அல்ல.

அந்த வெள்ளத்தில் கீழத்தெரு உலகம்மாளின் ஆடுகள் அத்தனையும் போயின. அவள் கூரைமேல் உட்கார்ந்து உயிர் பிழைத்தாள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, ஆடுதான் எல்லாம். மறுபடி கடனும் உடனும் வாங்கி ஆடு பிடித்தாள். அந்த ஆடுகள் என் கடை வாசலில் கிடக்கும் அட்டைப்பெட்டிகளைத் தின்னும். நான் கத்துவேன். "மருந்துப் பெட்டியத் தின்னுட்டு என் ஆடு மயங்கி விழுந்தா ஒன் கடைக்குத்தான் தூக்கிட்டு வருவேன், பாத்துக்கோ" என்பாள். அவளோடு வாய் கொடுத்து மீண்டவன் ஊரில் கிடையாது.

வெள்ளம் வடிந்து ஒரு வருஷம் போனபிறகு அரசாங்கம் விழித்துக்கொண்டது. ஆற்றோர ஊர்களுக்கெல்லாம் புதுக் கருவி வந்தது. தண்ணீர் ஏறுவதைத் தானே கண்டுபிடிக்கிற சென்சார், தானே ஊதுகிற சைரன், எல்லார் செல்போனிலும் ஒரே நேரத்தில் அலறுகிற செய்தி. சைரன் நின்று நின்று ஊதும். நடுநடுவே, "பொதுமக்கள் உடனடியாகப் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும்" என்று ரயில் வருகையை அறிவிப்பதுபோல ஒரு பெண்குரல் பேசும். சென்சாரை யாளித் தூணில் மாட்டினார்கள். கம்பி இழுக்கிற செலவு மிச்சம் என்று சைரன் கம்பத்தையும் அங்கேயே, படித்துறை மேலேயே நட்டார்கள். அதன் அடியில் ஒரு இரும்புப் பெட்டி. பெட்டியின் சாவி கிராம நிர்வாக அலுவலர் சித்ரலேகாவிடம்.

சித்ரலேகா திருநெல்வேலி டவுன்காரர். ஒல்லியான உருவம், குரல் மட்டும் கணீரென்று இருக்கும். ஊருக்கு வந்த நாளிலிருந்து யாரிடமும் ஒரு டீ வாங்கிக் குடித்ததில்லை. அது எங்களுக்குக் கொஞ்சம் குறைதான்.

கருவியைச் சோதித்துப் பார்க்க ஒரு ஒத்திகை வைத்தார்கள். சைரன் ஊதினால் ஜனங்கள் மேட்டிலுள்ள பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும், இதுதான் ஏற்பாடு. ஆனால் பெரிய அதிகாரிகள் வருகிறார்களே, படத்தில் ஆறு தெரிய வேண்டாமா? பந்தலைப் படித்துறையில் போட்டார்கள். நாற்காலி அங்கே, மைக் அங்கே, சுக்குக்காப்பியும் வடையும் அங்கே. சைரன் ஊதியது. ஊர் மொத்தமும் படித்துறைக்கு வந்து சேர்ந்தது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஒருவரும் கயிறும் காற்றடைத்த டியூப்பும் தனியாகக் காத்துக்கிடந்தார்கள்.

கருவியை மாட்டிய கம்பெனியின் இன்ஜினியர் ரெக்சனுக்குப் பரம சந்தோஷம். உவரிக்காரர், கடற்கரையில் வளர்ந்தவர். சித்ரலேகா அவரைத் தனியே கூப்பிட்டுக் கேட்டதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"தம்பி, சைரன் ஊதுனா இங்கேருந்து போணும். இவுக இங்க வாராகளே?"

"எங்க ஊர்ல கோயில் மணி நேரங்கெட்ட நேரத்துல அடிச்சா எல்லாரும் கடற்கரைக்குத்தான் ஓடுவாங்க மேடம். ஆள் கூடுனாத்தான வள்ளத்தக் கரையேத்த முடியும்? கூட்டம் சேந்திருக்கு, நல்லதுதான்."

"இங்கன இழுக்க வள்ளம் இல்ல தம்பி" என்றார் சித்ரலேகா.

கம்பத்தைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றவேண்டும் என்று அவர் மேலே எழுதிப் போட்டார். பதில் வரவில்லை. பேப்பரில் படம் வந்தது. அதில் நானும் வடையோடு நிற்கிறேன்.

அதன்பிறகு அந்த அம்மா வீடு வீடாக ஏறி இறங்கினார். ஜனங்கள் தலையை ஆட்டினார்கள். தலையை ஆட்டுவதில் எங்களை மிஞ்ச ஆள் கிடையாது. கீழத்தெருவுக்கு அவர் போனபோது, உலகம்மாளுக்கு மூட்டுவலித் தைலம் கொடுக்க நானும் போயிருந்தேன்.

"யக்கா, சத்தம் கேட்டதும் ஆட்ட அவுத்துக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்துரணும்" என்றார் சித்ரலேகா.

"வந்து?"

"சத்தம் நிக்குற வரைக்கும் அங்கனயே இருக்கணும்."

"நின்னா வீட்டுக்கு வந்துரலாமா?"

"நின்னா வரலாம்."

"பொய்யா ஊதாதே?"

"ஊதாது. அதுக்கு நான் பொறுப்பு."

உலகம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நீ சொல்லுதன்னுதான் கேக்கேன் தாயி. சைரன்ல பேசுத அந்த மெட்ராஸ்காரி கொரலுக்கு என் ஆடுகூட எந்திரிக்காது" என்றாள். சித்ரலேகா சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

இந்தக் கார்த்திகையில் மலையில் கனத்த மழை. எங்கள் ஊரில் தூறல்தான். மேலே அணையைத் திறந்துவிட்டார்கள் என்று காலையிலேயே பேச்சு. மத்தியானச் சோற்றுக்கு முன்னால் எல்லார் போனும் ஒன்றாக அலறியது. பின்னாலேயே சைரன் பிடித்துக்கொண்டது.

"காலு நனஞ்சிட்டுவே!" என்று தெருவில் யாரோ கத்தினான். சென்சார் யாளியின் காலுக்கு நேராக இருப்பது ஊருக்கே தெரியும். ஆக, சைரன் எங்களுக்குச் சொன்ன சேதி அதுதான். முன்னெல்லாம் யாராவது வந்து பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லவேண்டும். இப்போது அரசாங்கமே கூப்பிட்டுச் சொல்கிறது. கடையை இழுத்துப் பூட்டினேன்.

தெரு நிறைய ஜனம், எல்லாம் ஆற்றைப் பார்த்து. எதிரே ஒரே ஒரு ஆள் வந்தாள். உலகம்மாள். ஆடுகளை முன்னால் விட்டு, கூட்டத்துக்குள் இடித்துக்கொண்டு மேட்டைப் பார்த்துப் போனாள்.

"ஏ உலகம்மா, கல்யாண வீடு இந்தப் பக்கம்!" என்றேன்.

"போ போ. வாய்க்கரிசி அங்கதான் போடுதாகளாம்" என்றாள், நிற்காமலேயே. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

படித்துறையில் நிற்க இடமில்லை. மண்டபத்துக்குள் ஆட்கள், படியில் ஆட்கள், மண்டபக் கூரையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆட்கள். ஆறு செங்காவியாக, முழு வாழை மரங்களையும் ஒரு தண்ணீர்த் தொட்டியையும் உருட்டிக்கொண்டு போனது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். முத்துமாலை எண்ணெய்ச் சட்டியை ஏற்றிவிட்டான்.

சித்ரலேகா வண்டியைப் பள்ளத்துக்கு அந்தப்பக்கம் போட்டுவிட்டு ஓடி வந்தார். பள்ளத்தில் அப்போதே கரண்டைக்கால் அளவு தண்ணீர்.

"எல்லாரும் ஏறுங்க! பின்னால பள்ளத்துல தண்ணி வருது!"

அவர் வாய் அசைவது தெரிந்தது. சத்தம்தான் கேட்கவில்லை. தலைக்கு மேலே சைரன் ஊதிக்கொண்டிருந்தது. அது ஓய்ந்தால் மெட்ராஸ்காரி ஆரம்பித்தாள். அந்தக் கம்பத்தின் அடியில் நின்றுகொண்டு மனுஷன் தொண்டையால் என்ன செய்ய முடியும்? அவர் ஒரு ஆளைக் கையைப் பிடித்து இழுத்து வெளியே விட்டால், சைரன் அடுத்த தடவை ஊதும்போது பத்துப் பேர் புதிதாக உள்ளே வந்தார்கள். கைக்குழந்தையோடு வந்த ஒருத்தியை அவர் மறித்தார்.

"சைரன் அடிக்கில்லா மேடம், அதான் வந்தோம்" என்றாள் அந்தப் பெண், ஏதோ அழைத்த வீட்டில் வாசலில் மறித்துவிட்டதுபோல.

சித்ரலேகா ஒரு நிமிஷம் நின்றார். பள்ளத்தைப் பார்த்தார், கம்பத்தைப் பார்த்தார். பிறகு சாவியை எடுத்து இரும்புப் பெட்டியைத் திறந்தார். அதன் கதவில், பேரிடர் நேரத்தில் கருவியை நிறுத்துவது தண்டனைக்குரிய குற்றம் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. அதை வாசித்தார். நிறுத்தினார்.

ஆற்றின் இரைச்சல் மட்டும் மிஞ்சியது.

"என்னவே, நின்னுட்டு?"

"அவ்வளவுதான் போல. அணைய மூடிட்டானுவ."

"சவம், மூக்குகூட முங்கல."

கூட்டம் கலையத் தொடங்கியது. சித்ரலேகா சொல்லிக் கலைந்தது என்று யாரும் நினைக்கவேண்டாம். சத்தம் நின்றது, வேடிக்கை முடிந்தது, போனோம். முத்துமாலை முணுமுணுத்துக்கொண்டே சட்டியை இறக்கினான். பள்ளத்தை நாங்கள் கடக்கும்போது முழங்காலுக்கு வந்துவிட்டது. கடைசியாக வந்தவர்களைக் கை கோத்து இழுத்தோம். எல்லாரும் ஏறியாயிற்று என்று மூச்சு வாங்கித் திரும்பிப் பார்த்தால், மண்டபப் படிகளைக் காணோம். யாளியின் மூக்கு முங்கிக்கொண்டிருந்தது. நான் நின்ற படியும் தண்ணீருக்குள்.

"மேடம், எங்க உசிரக் காப்பாத்திட்டிய" என்றேன்.

"சைரன மறுபடி போடணும்" என்றார், தனக்குத்தானே பேசுகிறவராட்டம். பெட்டி பள்ளத்துக்கு அந்தப்பக்கம். நடுவில் ஆறு ஓடியது. சட்டென்று அவர் முகம் மாறியது. "அண்ணாச்சி, உலகம்மாக்கா பள்ளிக்கூடத்துலதான இருக்கும்?"

"ஆட்டோட போனாளே."

"சத்தம் நிக்குற வரைக்கும் இருன்னு சொன்னேன்" என்றார். மேற்கொண்டு அவர் சொல்லவேண்டியிருக்கவில்லை.

என் வண்டியில் போனோம். பள்ளிக்கூட வேப்பமரத்தில் ஆடுகளை வரிசையாகக் கட்டியிருந்தது. சத்துணவு சமைக்கும் ஜெசி அகப்பையோடு வெளியே வந்தாள்.

"உலகம்மாக்காவா? சத்தம் நின்னுட்டுல்லா, வீட்டுக்குப் போயிட்டு. காலையிலதான் ஒரு ஆடு குட்டி போட்டிருக்காம். தூக்க முடியாம விட்டுட்டு வந்துட்டேன், பாத்துட்டு வாரேன்னுச்சு. நான் சொன்னேன், செத்த நேரம் பொறுத்துப் போக்கான்னு. 'வி.ஏ.ஓ. அம்மா சொல்லியிருக்கா, நின்னா வரலாம்னு' அப்படின்னுட்டுப் போயிட்டு."

கீழத்தெரு முனையில் வண்டியை நிறுத்தினேன். அதற்கு மேல் தெரு இல்லை. பள்ளம் நிறைந்து தெருவோடு ஒன்றாகிவிட்டிருந்தது. சித்ரலேகா இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிவிட்டார். நானும் இன்னும் இரண்டு பேரும் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தோம். "யக்கா! யக்கா!" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அந்தக் குரல் அப்போது நன்றாகக் கேட்டது.

மறுநாள் தண்ணீர் வடிந்தது. உலகம்மாள் வீட்டு ஜன்னலுக்கு மேல் சிமெண்டுப் பலகையில் தாயாடும் இரண்டு குட்டிகளும் நின்றுகொண்டிருந்தன. ஏற்றிவிட்டிருக்கிறாள். அவளை வாழைத்தோட்டத்தில் கண்டெடுத்தோம். நான் அவளோடு சண்டை போடாத நாள் குறைவு. ஆனாலும் அவளைத் தூக்கும்போது என்னால் நிற்க முடியவில்லை, வரப்பில் உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த வாரம் பள்ளிக்கூடத்தில் விசாரணை. சைரன் நடுவில் நின்றுபோனது மெட்ராஸில் உள்ள கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கிறதாம். ஏன் நின்றது என்று அதற்குத் தெரியவில்லை. ஊர்ப் பெரியவர்கள் முதல்நாளே கூடிப் பேசிவிட்டோம். அந்த அம்மா இல்லையென்றால் படித்துறையில் ஒரு தெருவே போயிருக்கும். அவர் வேலைக்கு ஒரு சேதாரம் வரவிடக்கூடாது. ரெக்சனும் வந்திருந்தார், ஆள் பாதியாகியிருந்தார்.

"மேடம், பேட்டரிக் கோளாறுன்னு நான் எழுதித் தந்துருதேன். எங்க கம்பெனி பாத்துக்கிடும்" என்றார். சித்ரலேகா அவரைத் தாண்டி உள்ளே போய் உட்கார்ந்தார்.

விசாரணை அதிகாரி தன்மையான மனிதர். ஒவ்வொருவராகக் கேட்டார். கரண்டு போய்விட்டது என்றான் முத்துமாலை. ஆமாம் என்றார்கள் நாலு பேர்.

"இறந்துபோன அம்மா ஏன் திரும்பி வீட்டுக்குப் போனார்?" என்று என்னைக் கேட்டார்.

நான் அதற்கும் தயாராகத்தான் இருந்தேன். "அவ பிடிவாதக்காரி சார். யார் சொன்னாலும் கேக்க மாட்டா" என்றேன். செத்தவள் தலையில் போட்டுவிட்டால் உயிரோடு இருக்கிறவர்களுக்குச் சேதமில்லை என்பதுதான் எங்கள் கணக்கு. நாக்கு கூசத்தான் செய்தது. ஆனாலும் சொன்னேன்.

அதிகாரி தலையாட்டி, எழுதியதை வாசித்தார். "எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் ஆபத்தான பகுதிக்குச் சென்றதால் ஒருவர் உயிரிழந்தார். மற்றபடி, எச்சரிக்கைக் கருவியின் பயனால் ஊரில் உயிர்ச்சேதம் இல்லை. சரிதானே?"

"சரி இல்ல சார்."

சித்ரலேகா எழுந்து நின்றார். முத்துமாலை அவர் பக்கம் சாய்ந்து, "மேடம், பைய உக்காருங்க" என்று கெஞ்சினான். அவர் உட்காரவில்லை.

"சைரன நிப்பாட்டுனது நான்தான். கோளாறு இல்ல, கரண்டு போகல. படித்துறையில நின்ன கூட்டத்த வெளியேத்த வேற வழி தெரியல. சத்தம் நின்னா வீட்டுக்குப் போலாம்னு உலகம்மாக்காட்ட சொன்னதும் நான்தான். என்னய என்ன வேணும்னாலும் எழுதிக்கோங்க சார். ஆனா அந்த அக்கா பொருட்படுத்தலன்னு மட்டும் எழுதாதீங்க. இந்த ஊர்ல நான் சொன்னதக் கேட்டது அது ஒண்ணுதான்."

வெளியே வேப்பமரத்தடியில் உலகம்மாளின் ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன. அவற்றை யார் வைத்துக்கொள்வது என்று அன்றுவரை முடிவாகவில்லை.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். பிறகு சித்ரலேகாவைப் பார்க்காமல் எங்களைப் பார்த்துக் கேட்டார்.

"சைரன் பள்ளிக்கூடத்துக்குப் போகத்தானே ஊதியது? நீங்கள் எல்லாரும் படித்துறைக்கு எதற்குப் போனீர்கள்?"

முத்துமாலை தரையைப் பார்த்தான். ரெக்சன் ஜன்னலைப் பார்த்தார். கைக்குழந்தைக்காரி குழந்தையின் தலையைத் தடவினாள். யாராவது வாயைத் திறப்பார்கள் என்று நானும் பார்த்தேன்.

"வெள்ளம் பாக்க, சார்" என்றேன்.

அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை.